கல்கத்தாவிலிருந்து வராத தகடு

1

இந்தக் கதை முதலில் ஒரு கட்டுரையாக இருந்தது. இரண்டு பக்கம், நடுவில் படத்துக்கு இடம். ஒரு பள்ளிக்கூடத்தின் பொன்விழா மலருக்காக எழுதச் சொன்னார்கள். சொன்னவர் பள்ளியின் தாளாளர் விஜயசங்கர். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘நிறுவனரின் ஊர்தி: ஒரு மறுபிறப்பு’.

அவருடைய தாத்தாதான் பள்ளியை நிறுவியவர். தாத்தா வைத்திருந்த 1965 மாடல் அம்பாசிடரைத் துருவிலிருந்து மீட்டு, ஜூன் மாதம் விழாவன்று பள்ளி வாசலில் நிறுத்தப்போகிறார்கள். மீட்கும் வேலை என் அப்பா லிங்கேஸ்வரனுடையது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு கொட்டகை போட்டு வண்டிகளுக்கு டிங்கரிங் பார்க்கிறார். நான் அவர் மகள் முத்துவடிவு. எம்.ஏ. தமிழ், பி.எட். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இரண்டு வருடமாக வேலை இல்லை. அந்தப் பள்ளியில் தமிழாசிரியை இடம் ஒன்று மே மாதத்தோடு காலியாகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு மீதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். ஊகியுங்கள். பாதி சரியாக இருக்கும்.

கட்டுரையில் எல்லாம் அடங்கியது, ஒரு வரியைத் தவிர. அந்த வரியைப் பற்றியதுதான் இது.

பள்ளியின் பெயரை எழுதமாட்டேன். பயமா என்று கேட்டால், ஆமாம்.

2

தொடக்கங்கள்.

‘மேற்கு மலையில் மேகம் இறங்கி, மெல்லிய சாரல் முகத்தில்—’

[அடித்தாயிற்று. சாரலில் தொடங்குவது சீசனுக்கு வந்துபோகிறவர்களின் கதை. எங்களுக்குச் சாரல் என்றால் மூன்று மாதம் துணி காயாது, கொட்டகையில் பெயிண்ட் காயாது.]

‘துரு என்பது இரும்பும் காற்றும் ஈரமும்—’

[இது பத்தாம் வகுப்பு விடைத்தாள். இரண்டு மதிப்பெண்.]

‘வண்டி வந்த அன்று அப்பா அதைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார்.’

இது இருக்கட்டும். வண்டி வந்த அன்று அப்பா அதைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். நல்ல இரும்பு ‘டங்’ என்று பதில் சொல்லும். இடது பக்கம், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் ஃபுட்போர்டுத் தகடு பதிலே சொல்லவில்லை. ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பப்படத்தில் விரல் போவதுபோல உள்ளே போயிற்று. பின் ஸீட்டுக்கு முன்னால் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினால் தரை தெரிந்தது. வண்டியின் தரை இல்லை, எங்கள் கொட்டகையின் தரை.

வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் மட்டும் ஏன் இப்படி என்று நான்தான் கேட்டேன். வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வீட்டில் ஒரு வழக்கம். வருடாவருடம் சீசனுக்கு வரும் உறவுக்காரப் பெண்கள் அருவியில் குளித்துவிட்டு அங்கேயே உடை மாற்றக் கூடாது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் இந்த வீட்டுப் பெண்கள் துணி மாற்றுவதா என்று பெரியவர், அதாவது தாளாளரின் தாத்தா, வைத்த சட்டம். ஈரப் புடவையோடு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துதான் மாற்ற வேண்டும். ஏறுவது இடது கதவு, உட்காருவது பின் ஸீட்டில். ஐம்பது வருடமாகக் கௌரவம் சொட்டிச் சொட்டி அந்தத் தகட்டுக்குள் இறங்கியிருக்கிறது.*

அப்பா சாக்பீஸால் கோடு போட்டார். துரு ஒரு சாண் என்றால் கோடு அதற்கு நாலு விரல் தள்ளி. துருவின் மேல் வெல்டிங் நிற்காது, நல்ல இரும்பு வரைக்கும் போய்த்தான் வெட்ட வேண்டும் என்றார்.

விஜயசங்கர் அன்று சாயங்காலம் வந்து பார்த்தார். அப்பாவைவிடப் பதினைந்து வயது இளையவர். ‘லிங்கம்’ என்றுதான் கூப்பிடுவார். அப்பா ‘மொதலாளி’ என்பார்.

“வடிவு பி.எட். முடிச்சிட்டால்லா லிங்கம்? மேயில ஒரு இடம் காலியாவுது. பாத்துக்கலாம்.”

அதற்குப் பிறகு அப்பா கூலி பேசவில்லை.

* ‘கௌரவம் சொட்டி’ என்ற வரியைக் கட்டுரையில் எழுதவில்லை. அங்கே எழுதியது: ‘காலத்தின் கரங்களால்’. இதுவரை நான் எழுதியதிலேயே வெட்கக்கேடான இரண்டு சொற்கள்.

3

துருப்பிடித்த இடத்துக்கு மாற்றுத் தகடு தேர்ந்தெடுப்பது குறித்துச் சில வார்த்தைகள். (இந்தப் பகுதி கட்டுரையிலும் இருந்தது. தாளாளருக்குப் பிடித்திருந்தது.)

முதல் வழி, தகடே மாற்றாமல் இருப்பது. ஓட்டைக்குள் கம்பி வலையும் நியூஸ் பேப்பரும் திணித்து, மேலே பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடலாம். கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். அடுத்த சாரலுக்கு உப்பிக்கொண்டு வரும். டிரைவர் இதைத்தான் சொன்னார். விழா ஒரு நாள்தானே என்றார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

இரண்டாவது, உடைக்கப் போட்ட பழைய வண்டியிலிருந்து வெட்டி எடுப்பது. இதற்காக அப்பாவும் நானும் மதுரைக்குப் போனோம். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கையில் கொண்டு போயிருந்தேன். இரும்பென்றால் ஒட்டும், பட்டியென்றால் வழுக்கி விழும். மூன்று வண்டிகளில் வைத்துப் பார்த்தேன், மூன்றிலும் விழுந்தது. கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்ன பாப்பா, வண்டிக்கு மந்திரிக்கிறியா?” என்றார்.

மூன்றாவது, வெறும் ஷீட்டை வாங்கிக் கையாலேயே மடித்து அடிப்பது. அந்தத் தகட்டில் இரண்டு மடிப்பும் ஒரு நீண்ட வளைவும் உண்டு. அப்பாவுக்கு வலது தோள் இறங்கிப் போய்விட்டது. ஒரு மாதம் ஆகும் என்றார். அவ்வளவு நாள் இல்லை.

நான்காவது, பழைய வண்டிகளுக்கென்றே புதிதாக அடித்து விற்கும் தகடு. கோயம்புத்தூரில் ஒருவர் செய்கிறார். போனில் படம் போட்டிருந்தார். அவருடன் பேசியது, தேர்ந்தெடுத்தது, வரவழைத்தது எல்லாம் நான். பதினோரு நாளில் பார்சல் லாரியில் வந்தது. நீளத்தில் மூன்று விரல் குறைவு, கீழ் மடிப்பு வேறு மாதிரி. சேரவில்லை.

விற்றவர் ஏமாற்றிவிட்டார்.

4

மேலே உள்ள கடைசி வரி பொய்.

நீக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கட்டுரையில் ‘காலத்தின் கரங்களால்’ என்று பொய் எழுதியதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன், இதிலும் அதையே செய்திருக்கிறேன் என்றால் என் கையின் லட்சணம் இதுதான். இருக்கட்டும், பாருங்கள்.

அப்பா டேப் வைத்து அளக்க மாட்டார். ஒரு சணலை வண்டியில் ஒட்டிப் பிடித்து, மடிப்பு வரும் இடத்தில் ஒரு முடிச்சு, கதவுத்தூண் வரும் இடத்தில் ஒரு முடிச்சு என்று போட்டுக்கொண்டே போவார். அந்தச் சணலை என்னிடம் கொடுத்து, இதைத் தரையில் நீட்டி அளந்து அவனுக்கு அனுப்பு என்றார். கோயம்புத்தூர்க்காரரும் கேட்டார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை: பழைய வண்டிகள் ஒன்றுபோல் இருக்காது, அளவு அனுப்புங்கள் என்று.

நான் ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். ஸ்டாண்டர்டு சைஸ்தான், 1965 மாடல், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது என்று.

சணல் என் ஹேண்ட்பேக்கில் இருந்தது. கிரீஸ் ஏறி, முடிச்சு முடிச்சாக, எலி கடித்தது மாதிரி. அதைக் கையில் எடுத்து அளக்கவே கூச்சமாக இருந்தது. நான் படித்தவள், புத்தகத்தில் இருக்கிற வருடம் போதும் என்று நினைத்தேன். அப்பாவின் சணலைவிட அச்சடித்த காகிதத்தை நம்பினேன். இப்படி ஒரு தப்பைப் படிக்காதவர்கள் யாரும் செய்ய மாட்டார்கள்.

தகடு வந்ததும் அப்பா அதை வண்டியோடு ஒட்டி நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சணல் எங்கே என்று கேட்கவில்லை. டிரைவர் வந்து கேட்டபோது அவராகவே சொன்னார்:

“கம்பெனிக்காரன் மாத்தி அனுப்பிட்டான். நாம என்ன செய்ய.”

ஆக, மூன்றாம் பகுதியின் கடைசி வரி என்னுடையதுகூட இல்லை. அப்பா எனக்காகச் சொன்ன பொய்.

5

கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு அம்பாசிடர் உண்டு. செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்பா டிங்கரிங்குக்கு வரும் முன் குற்றாலம் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டினார். அந்த வண்டி. மூன்றாவது கையாக வாங்கியது, 1968 மாடல். கதவுக்குக் கீழே இரண்டு வண்டிக்கும் ஒரே உடம்பு. என்ஜின் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. ஆனால் துரு கிடையாது. ஒவ்வொரு மே மாதமும் சாரல் தொடங்கும் முன்பு அப்பா ஃபுட்போர்டுத் தகட்டுக்குள் வேஸ்ட் ஆயில் ஊற்றுவார். என்ஜின் போன பிறகும் நிறுத்தவில்லை. வடிவுக்கு வேலை கிடைத்ததும் என்ஜின் போட வேண்டும், சீசனுக்காவது ஓட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த திட்டம்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அப்பா அந்த வண்டியின் இடது பக்கத்தில் சாக்பீஸ் கோடு போட்டார்.

இந்த இடத்தில் ஒரு உரையாடல் வேண்டும் என்று மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். ‘வேண்டாம்ப்பா’ என்று நான் சொல்வதாக ஒன்று. அப்பா கண்கலங்குவதாக ஒன்று. இரண்டும் நடக்கவில்லை. கிரைண்டர் ஒயரை மிதித்துக்கொண்டு நிற்காதே என்று சொன்னார், நான் தள்ளி நின்றேன். அவ்வளவுதான் நடந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கிரைண்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை, அதனால் சொன்னதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மா உமாராணி சுற்றிய பீடியைக் கடையில் போட்டுவிட்டுப் பீடித்தட்டோடு அந்த வழியாக வந்தாள். பாதி வெட்டியிருந்த வண்டியையும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“வலது பக்கம் என்ன பாவம் பண்ணிச்சு? அதையும் அறுத்துக் குடுங்க. மகளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் வேலையே கெடைக்கும்.”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெட்டிய தகடு பெரியவரின் வண்டியில் போய் உட்கார்ந்தது. எங்கேயும் தட்ட வேண்டியிருக்கவில்லை. என் தாத்தா பெரியவர் வீட்டில் வேலை பார்த்தவர்; பெரியவரின் அந்த வண்டியைப் பத்து வருடம் கழுவினார், ஒரு தடவையும் அதில் ஏறியதில்லை. தாத்தா ஏறாத வண்டியில் எங்கள் வண்டி ஏறிவிட்டது.

[இந்த வரி ரொம்ப அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் சந்தேகமாக இருக்கிறது. ஏறியது வண்டி இல்லை, ஒரு துண்டு. அதுவும் கதவுக்குக் கீழே, மிதிக்கிற இடத்தில்.]

6

பெயிண்ட் அடிக்கும் முன் விஜயசங்கர் பார்க்க வந்தார். சாம்பல் நிற பிரைமரில் வண்டி நின்றது. குனிந்து இடது பக்கத்தைத் தட்டினார். அது டங்கென்றது. சந்தோஷமாகிவிட்டார்.

“கோயம்புத்தூர்த் தகடா லிங்கம் இது?”

“இல்ல மொதலாளி. அது சேரல. நம்ம வண்டியில உள்ளத எடுத்துப் போட்டுட்டேன்.”

“நம்ம வண்டின்னா?”

அப்பா பின்பக்கம் கையைக் காட்டினார். அவர் எட்டிப் பார்த்தார். செங்கல் மேல், இடது பக்கம் எலும்பு தெரிய அது உட்கார்ந்திருந்தது. கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

[துடைத்தது உண்மை. ஆனால் பிரைமர் தூசி கையில் ஒட்டும். நான் தொட்டிருந்தாலும் துடைத்திருப்பேன். இந்த வாக்கியத்தை வைத்து அவரைத் தூக்கில் போட்டுவிடலாம், வாசகர்களுக்கும் திருப்தியாக இருக்கும். நான் பிளஸ் டூவில் முதல் மதிப்பெண் வாங்கியபோது வீடு தேடி வந்து அகராதி ஒன்று கொடுத்தவரும் இவர்தான். அந்த அகராதியை இப்போதும் பயன்படுத்துகிறேன். இவர் இன்னும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.]

பிறகு அவர் பேசியது இது. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை:

“வேலை சுத்தமா இருக்கு லிங்கம், குத்தம் சொல்ல முடியாது. ஆனா எங்க அத்தைக்குத் தெரிய வேண்டாம். தாத்தா வண்டியில போயி ஒங்க வண்டித் தகரம்னா, அவுக ஒரு மாதிரி எடுத்துக்கிடுவாக. வேற ஒண்ணுமில்ல.” என்னைப் பார்த்துத் திரும்பினார். “மலர்ல நீதான எழுதுத. கல்கத்தாவுல இருந்து அசல் தகடு வரவழைச்சதுன்னு ஒரு வரி போட்டுருமா. வண்டி பொறந்த ஊரு, கேக்க நல்லாருக்கும். நீ நம்ம ஸ்கூலுக்கு வரப்போற பிள்ள. ஆர்டர் டைப் அடிச்சு வச்சாச்சு. மலர் கைக்கு வந்ததும் வந்து வாங்கிக்கோ.”

‘வேற ஒண்ணுமில்ல’ என்றாரே, அந்த ஒன்றுமில்லாதது என்னவென்று தென்காசிப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்க எனக்கு இஷ்டமில்லை.

அப்பா சொன்னார்: “அதுக்கென்ன மொதலாளி, எழுதிருவா.”

7

எழுதவில்லை. கட்டுரையை அந்த ஒரு வரி இல்லாமல் அச்சகத்தில் கொடுத்தேன். தென்காசியில் கனி அண்ணாச்சியின் அச்சகம். முகம்மது கனி என்று பெயர், ஊரில் பாதிக் கல்யாணப் பத்திரிகை அவருடையது. ஒரு வரிக்கு இடம் விட்டு வையுங்கள், போனில் சொல்கிறேன் என்றேன். ஒரு வரிதானே, விடுதேன் தாயி, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மெஷின் ஓடும், அதுக்குள்ள சொல்லிரு என்றார்.

இன்று வெள்ளி. மணி பத்து இருபது.

காலையில் அப்பாவோடு சண்டை. இவ்வளவு நாளும் ‘சணல்’ என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. இன்று என் வாயில் வந்தது. தப்பு நான் செய்தேன், அதற்காக உங்கள் வண்டியை வெட்டினீர்கள், இப்போது அது உங்கள் வண்டித் தகடு இல்லை என்று என்னையே எழுதச் சொல்கிறீர்கள் என்றேன். அப்பா இட்லியை விண்டுகொண்டிருந்தார்.

“எவன் வண்டித் தகரம்னு பேப்பர்ல எழுதியா அது ஒட்டிக்கிட்டு நிக்குது? நான் வெல்டு வச்சேன், நிக்குது.”

“அப்பொ எழுதாம விட்டாலும் நிக்கும்லா? எதுக்குப்பா கல்கத்தான்னு எழுதணும்?”

“ஒனக்கு வேலை வேணும்லா, அதுக்கு.” தட்டைத் தள்ளி வைத்தார். “நாலாங்கிளாஸ் படிச்சவனுக்கே இது புரியுது. நீ என்னத்தட்டி எம்.ஏ. படிச்ச?”

அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள்: “சண்ட போடாதிய. அவ எழுதுனா டீச்சர், எழுதாட்டா பீடிக்கு நூல் சுத்தட்டும். ரெண்டும் கை வேலதான.”

8

முடிவுகள்.

அ. நான் கனி அண்ணாச்சியிடம் சொல்கிறேன்: ‘இத்தகடு திரு. லிங்கேஸ்வரன் அவர்களின் சொந்த வாகனத்திலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது.’ மலர் வெளிவருகிறது. தாளாளர் கோபப்படவில்லை. கோபப்படுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஜூனில் வேறு ஒரு பெண் தமிழாசிரியை ஆகிறாள். அவள் பாவம், அவளுக்கும் ஒரு அப்பா இருப்பார். எங்கள் அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் உண்மை எழுதியவள். உண்மையை ஒரு கையிலும் பீடித்தட்டை மறு கையிலும்—

[போதும்.]

ஆ. நான் சொல்கிறேன்: ‘கல்கத்தாவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசல் தகடு.’ ஆர்டர் கைக்கு வருகிறது. ஒவ்வொரு நாளும் அந்த வண்டியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். எட்டாம் வகுப்புக்கு வாய்மை அதிகாரம் நடத்துகிறேன். நன்றாக நடத்துகிறேன் என்றே பெயர் வாங்குகிறேன். இரண்டு வருடத்தில் டாக்சிக்கு என்ஜின் வருகிறது. இடது பக்கத் தகடு கேட்டு நானே கோயம்புத்தூருக்கு—

[இந்த முடிவில் எல்லாருக்கும் சாப்பாடு இருக்கிறது. அதனால்தான் எழுதக் கை கூசுகிறது.]

இ. பொன்விழா அன்று வண்டிக்கு மாலை போடும்போது அத்தை இடது கதவைத் திறந்து, காலை வைத்து, எப்படியோ தெரிந்துகொண்டு—

[இது நாடகம். தகடு யாரிடமும் எதையும் சொல்லாது. மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் எங்கள் தகடும் அவர்கள் தகடும் ஒன்றுதான். அதைத் தாங்க முடியாமல்தானே கல்கத்தா வரைக்கும் போகிறார்கள்.]

ஈ. முடிவை வாசகர்களிடம் விட்டுவிடுவது.

இதைத்தான் செய்வதாக இருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அப்படித்தான் வழக்கம் என்று படித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உண்மையை எழுது பெண்ணே என்பீர்கள். தைரியமாக எழுது என்பீர்கள். சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். உங்களுக்கு அதில் வேலை போகாது. வெட்டியது உங்கள் அப்பாவின் வண்டி இல்லை. அதனால் உங்களிடம் கொடுக்க மாட்டேன்.

9

பத்து ஐம்பதுக்குக் கனி அண்ணாச்சி அவராகவே கூப்பிட்டார். அப்பா இன்னும் வேலைக்குப் போகவில்லை. எதிரே நாற்காலியில் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கையில் பீடி இலையோடு கதவருகில் வந்து நின்றாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். யாருக்கும் தெரியாமல் செய்ய எனக்குத் தெம்பில்லை.

“சொல்லு தாயி, என்ன போட?”

சொன்னேன். எட்டுச் சொற்கள். அவர் எழுதிக்கொண்டு ஒரு தடவை திருப்பி வாசித்துக் காட்டினார். சரிதானா என்றார். சரி அண்ணாச்சி என்றேன்.

அந்த எட்டுச் சொற்களை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை.

அப்பா எழுந்தார். சட்டையை மாட்டி, ஒவ்வொரு பட்டனாகப் போட்டு, என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் எந்த வரியைச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்.